மணவிலக்கு: நெருக்கடியில் பிறக்கும் சம்மதம்

இருதரப்பு ஒப்புதலுடன் மணவிலக்குக் கோரும் மனுக்களில் வழக்கமாக ஒரு வாசகம் இடம்பெறும். 'எவருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி, முழுமனதுடன் இம்மனுவைத் தாக்கல் செய்கிறோம்' என்பது அது. அதற்குச் சில பத்திகள் தள்ளி இன்னொரு வாசகம் வரும்: 'கடந்த கால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் எதையும் மனைவி கோரமாட்டார், இருவருக்கும் இடையே வேறு எந்தப் பணப் பாத்தியதையும் இல்லை.' முதல் வாசகம் உண்மையாக இருந்தால்தான் இரண்டாவது வாசகத்துக்கு அறத்தின் பலம் உண்டு. ஆனால் நடைமுறையில் முதல் வாசகத்தின் உண்மையைச் சோதிக்க நீதிமன்றத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் ஒருவருடைய வாழ்நாள் பொருளாதாரம் முடிவாகிவிடுகிறது.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இயற்றப்பட்டபோது, கணவனும் மனைவியும் ஒத்துப்போய் மணவிலக்குப் பெறும் வழி அதில் இல்லை. ஒருவர் மற்றவர்மீது குற்றம் சாட்டி மெய்ப்பித்தாக வேண்டும். 1976-ஆம் ஆண்டின் திருத்தம்தான் 13பி என்ற பிரிவைச் சேர்த்து அவ்வழியைத் திறந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் கூட்டாக மனுச் செய்யலாம். மனுச் செய்த ஆறு மாதங்களுக்குப் பிறகு, பதினெட்டு மாதங்களுக்குள், மீண்டும் நீதிமன்றத்தின் முன் தோன்றி அதை வலியுறுத்தினால் ஆணை கிடைக்கும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 28-ஆவது பிரிவும், கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டத்தில் 2001-இல் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவும் ஏறக்குறைய இதே அமைப்பைக் கொண்டவை.

அதே 1976 திருத்தம், ஒப்புதல் என்பது வன்முறையாலோ, மோசடியாலோ, தகாச் செல்வாக்காலோ பெறப்பட்டதல்ல என்று நீதிமன்றம் மனநிறைவு கொண்டாக வேண்டும் என்பதையும் 23-ஆவது பிரிவில் எழுதிவைத்தது. பலரும் கவனிக்காத இடம் இது. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் நீதிபதி தாமாக ஆராய வேண்டிய கடமை இது. கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை.

ஆனால் நம் சமூகத்தில் நெருக்கடி என்பது பெரும்பாலும் கழுத்தில் கத்தி வைப்பதாக வருவதில்லை. 'இதையும் இழுத்துக்கொண்டு போனால் தங்கையை யார் பெண் கேட்பார்கள்?' என்று வீட்டுக்குள்ளிருந்து வரும். 'ஐந்து வருடம் அலைவாய், கடைசியில் இந்தப் பணமும் கிடைக்காது' என்று அறிந்தவர்களின் அறிவுரையாக வரும். குழந்தையின் பள்ளிச் சான்றிதழைத் தராமல் வைத்திருப்பதாக வரும். நகைகள் இருக்கும் வங்கிப் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற வடிவில் வரும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி 'அத்துவிடும்' வழக்கம் குறைந்திருக்கலாம்; ஆனால் அந்தப் பஞ்சாயத்தின் மொழி மறையவில்லை. வழக்குரைஞர் அலுவலகத்திலும், சில வேளைகளில் காவல் நிலையத்திலும் அது தொடர்கிறது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது, புகார் சொல்லத் தயங்கும் பெண்ணுக்கு அஞ்சாமல் நுழைய ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. அங்கும் 'பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி வாங்கி அனுப்புவதே வேலை என்று ஆகிவிட்டால், நோக்கம் தலைகீழாகிவிடும். முத்திரைத் தாளில் எழுதி நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்றுவிட்டால் மணவிலக்கு ஆகிவிட்டது என்று இன்றும் நம்புவோர் உண்டு. ஒரு சமூகத்தில் மணவிலக்கு வழக்காறு உண்டு என்று மெய்ப்பித்தாலன்றி, அந்தத் தாளுக்குச் சட்ட மதிப்பில்லை.

இந்த நெருக்கடிகளைச் சட்டம் எந்தப் பெயரால் அழைக்கும்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, தண்டனைச் சட்டம் தடுத்த செயலைச் செய்வதாக மிரட்டுவதையும், சொத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்திவைப்பதையும், நிறுத்திவைப்பதாக மிரட்டுவதையும் வற்புறுத்தல் என்கிறது. நகையைப் பிடித்துவைத்துக்கொண்டு கையொப்பம் கேட்பது இதற்குள் வரக்கூடும். ஒருவர் தம் ஆதிக்க நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் பெறுவது 16-ஆவது பிரிவின்படி தகாச் செல்வாக்கு. ஆனால் களைப்பும், கையில் காசில்லாமையும், அடுத்த மாத வாடகையைப் பற்றிய அச்சமும் இந்தப் பிரிவுகள் எதிலும் இல்லை. குடும்பநல வழக்கில் ஒருவரைப் பணியவைக்கும் ஆற்றல் பெரும்பாலும் இவற்றுக்கே உண்டு.

நெருக்கடியில் கையொப்பமிட்டவர் பின்னர் அதை மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு விடை அவ்வளவு நம்பிக்கை தருவதல்ல. சமரசத்தின் அடிப்படையில் பிறந்த தீர்ப்பின்மீது மேல்முறையீடு கிடையாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96-ஆவது பிரிவு. அதை எதிர்த்துத் தனி வழக்குப் போடவும் அச்சட்டத்தின் 23-ஆவது கட்டளை இடம் தருவதில்லை. சமரசத்தைப் பதிவுசெய்த அதே நீதிமன்றத்திடம் சென்று, அது சட்டப்படி செல்லாதது என்று மெய்ப்பிக்க வேண்டும். அங்கே முதலில் எழும் கேள்வி, 'முழுமனதுடன்' என்று அன்று இதே நீதிபதி முன்பு சொன்னீர்களே என்பதுதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் உச்சநீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், சமரசப் பத்திரத்தில் மிரட்டிக் கையொப்பம் வாங்கினார்கள் என்றும், சொன்ன பணமும் வரவில்லை என்றும் மனைவி தரப்பில் வாதிடப்பட்டது. அந்தச் சமரசத்தின்படி மணவிலக்கைப் பெற்றுக்கொண்ட பிறகு இப்படிச் சொல்வதை ஏற்க இயலாது என்று கூறி, அவர் தொடுத்திருந்த குற்ற வழக்கையே நீதிமன்றம் ரத்து செய்தது.

2013-இல் அதே உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் வேறு திசையில் பேசியது. எட்டாயிரம் ரூபாய் மொத்தமாகப் பெற்றுக்கொண்டு இனி ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த மனைவி, பின்னாளில் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ் மீண்டும் கேட்டார். ஜீவனாம்ச உரிமையைக் கைவிடும் ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு முரணானது, செல்லாது என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, இப்போது கையொப்பமிட்டு வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது ஆபத்து. அந்த வழக்கில் திருமண உறவு சட்டப்படி முறிந்திருக்கவில்லை. மணவிலக்கு ஆணையோடு சேர்த்து மொத்தத் தொகையையும் பெற்றுக்கொண்டவர் மீண்டும் கேட்டு வரும்போது, நீதிமன்றங்கள் அவ்வளவு எளிதில் இசைவதில்லை.

ஆகவே நெருக்கடியை எதிர்கொள்ள வேண்டிய காலம் ஆணைக்கு முந்தையது. அந்தக் காலத்தைத்தான் நாம் சுருக்கிக்கொண்டே வருகிறோம்.

13பி பிரிவின் ஆறு மாத இடைவெளியைப் பலரும் வெறும் தாமதமாகவே காண்கிறார்கள். 2017-இல் உச்சநீதிமன்றம் அக்காலக்கெடு கட்டாயமானதல்ல என்றும், தக்க வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் தீர்ப்பளித்தது. 2023-இல் ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, அரசமைப்பின் 142-ஆவது கூறின்கீழ் உச்சநீதிமன்றம் தானே அந்தக் காத்திருப்பை விலக்கலாம் என்றது. ஒன்றாக வாழவே முடியாது என்று உறுதியாகிவிட்ட இருவரைக் கட்டிவைப்பதில் பொருளில்லை என்பதை மறுக்க முடியாது. அடி உதையிலிருந்து தப்பி வந்த பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் சுமைதான்.

ஆனால் 2017 தீர்ப்பு விதித்த நிபந்தனைகளை ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். இருவரும் பிரிந்து ஒன்றரை ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேர்த்துவைக்கும் முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு உள்ளிட்ட விவகாரங்களை இருவரும் மெய்யாகவே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும். காத்திருப்பு வேதனையை நீட்டிக்க மட்டுமே உதவும் என்று தெரிய வேண்டும். இவற்றுள் கடைசி நிபந்தனையை ஏற்க வைப்பது எளிது, எவரும் வேதனையில்தான் இருப்பார்கள். 'மெய்யாகவே' தீர்த்துக்கொண்டார்களா என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு இரு தரப்பின் கணக்கும் மேசைமீது இருக்க வேண்டும். கணக்கைப் பார்க்காமல் காலத்தை மட்டும் தள்ளுபடி செய்தால், அவசரப்படுத்தியவருக்கே நீதிமன்றம் துணைபோனதாகிவிடும்.

அந்த ஆறு மாதங்களில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. ஆணை பிறக்கும் வரை ஒப்புதல் நீடிக்க வேண்டும், அதுவரை எவரும் தனியாகவே தம் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்த உரிமை தமக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. முதல் மனுவில் கையொப்பமிட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சமரசத்தின்போது நீதிமன்றத்திடம் உறுதிமொழி கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால், மணவிலக்குக்கு ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றாலும் உறுதிமொழியை மீறியதற்கு அவமதிப்பு நடவடிக்கை வரக்கூடும் என்று தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2018-இல் கூறியிருக்கிறது. உறுதிமொழிப் பத்திரம் நீட்டப்படும்போது அதன் பொருளை முதலில் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கணவரின் பிடித்தம் போக மாதச் சம்பளம் அறுபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு வருமானமில்லை. மொத்தமாக ஐந்து லட்சம் தருகிறோம், முடித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஐந்து லட்சம் என்ற சொல் கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஒரே நாளில் அவ்வளவு தொகையைக் கண்டிராத குடும்பத்துக்கு அது பெரிதுதான். ஆனால் ஏழு விழுக்காடு வட்டிக்கு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு முப்பத்தைந்தாயிரம், மாதத்துக்கு மூவாயிரம்கூட வராது. வேறு விதமாகவும் பார்க்கலாம். கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு மனைவிக்கு நியாயமான ஜீவனாம்சமாகும் என்று 2017-இல் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. இது விதி அல்ல, ஓர் அளவுகோல். அதன்படி மாதம் பதினைந்தாயிரம். ஐந்து லட்சம் என்பது முப்பத்து மூன்று மாதத் தொகை. முப்பது வயதில் அந்தப் பெண் மூன்றாண்டுகளுக்கும் குறைவான ஜீவனாம்சத்தை வாங்கிக்கொண்டு வாழ்நாள் உரிமையை எழுதிக்கொடுக்கிறார்.

அதுவும் சம்பளம் அறுபதாயிரம்தான் என்று தெரிந்திருந்தால். கணவரின் உண்மையான வருமானம் தெரியாமலேயே தொகையை ஒப்புக்கொள்ளும் மனைவியர் ஏராளம். இதற்காகவே 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தத்தம் சொத்து, வருமானம், கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது. ஜீவனாம்சத்தை மனுச் செய்த நாளிலிருந்தே வழங்க வேண்டும் என்றும் அதில் கூறியது. போட்டி உள்ள வழக்கில்தான் இந்தப் பத்திரம் கேட்கப்படுகிறது. எல்லாம் பேசி முடித்துவிட்டோம் என்று கூட்டாக வருபவர்களிடம் அதன் தேவை எழுவதில்லை. வெளிப்படைத்தன்மை மிகுதியாகத் தேவைப்படுவது அங்கேதான். ஒருவர் ஜீவனாம்சத்தையே கைவிடுகிறார் என்றால், எதைக் கைவிடுகிறார் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இதற்குப் பின்னால் இன்னொரு குறையும் இருக்கிறது. கோவாவைத் தவிர இந்தியாவில் திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் மனைவிக்குத் தானாக வரும் பங்கு எதுவும் கிடையாது. இருபது ஆண்டுகள் அவர் சமைத்ததும் பிள்ளை வளர்த்ததும், கணவர் பெயரில் வாங்கிய வீட்டில் ஒரு செங்கல்லாகக்கூடக் கணக்கில் சேராது. அதனால் சமரசப் பேச்சில் மனைவி கேட்பவராகவும் கணவர் கொடுப்பவராகவும் அமர்கிறார்கள். பங்கு என்ற சொல்லே அங்கு எழுவதில்லை.

நகை விஷயத்தில் மட்டும் சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பெண்ணுக்குப் போட்ட நகையும் அவருக்கென்று கொடுத்த சீரும் அவருடைய முழு உரிமைச் சொத்து என்று 1985-இலேயே உச்சநீதிமன்றம் அறுதியிட்டது. 2024 ஏப்ரலில், தம்முடைய 89 பவுன் நகையை இழந்த கேரளப் பெண் ஒருவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டபோதும், சீதனம் கணவன் மனைவியின் கூட்டுச் சொத்து ஆகாது என்று மீண்டும் சொன்னது. ஆகவே 'நகையைத் திருப்பித் தருகிறோம், ஜீவனாம்சத்தை விட்டுவிடுங்கள்' என்பது பேரமே அல்ல. அவருடைய பொருளையே அவருக்கு விலையாகக் கொடுப்பது அது. குழந்தையின் ஜீவனாம்சமும் இப்படித்தான். அது குழந்தையின் உரிமை. தாய் கையொப்பமிட்டதால் அது அழிந்துவிடாது. குழந்தைக்கும் சேர்த்து எதுவும் கேட்கமாட்டேன் என்ற வரியைச் சமரசப் பத்திரத்தில் கண்டால், அது அங்கே இருக்க வேண்டிய வரியல்ல என்று அறியலாம்.

நெருக்கடி ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியது என்று சொல்வது நேர்மையாகாது. குற்ற வழக்கில் வயதான பெற்றோர் பெயரும் சேர்க்கப்பட்டிருக்க, வெளிநாட்டு வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்க, தம் சக்திக்கு மீறிய தொகைக்குக் கடன் வாங்கியாவது ஒப்புக்கொள்ளும் கணவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் ஒரு மணவிலக்கு வழக்கை முடித்துவைத்த உச்சநீதிமன்றம், பெண்களின் நலனுக்காக இயற்றப்பட்ட கடுமையான சட்டங்கள் கணவர்களை மிரட்டிப் பணம் பறிப்பதற்கான கருவிகள் அல்ல என்று கூறியது. அவ்வழக்கிலும் கணவர் 12 கோடி ரூபாய் தர வேண்டும் என்றுதான் ஆணை பிறந்தது என்பதை, அந்தக் கண்டிப்பை மட்டும் பரப்பியவர்கள் பெரும்பாலும் சொல்லவில்லை. கணவர் கொடுமை செய்ததாகத் தொடரப்பட்ட குற்ற வழக்கைக் கணவனும் மனைவியும் தாமாகவே முடித்துக்கொள்ளவும் முடியாது. உயர்நீதிமன்றம்தான் அதை ரத்து செய்ய வேண்டும். பணம் எப்போது கைமாறும், வழக்கு எப்போது ரத்தாகும் என்ற வரிசையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதாவிட்டால், இரு பக்கமும் ஏமாறும் வாய்ப்பு உண்டு. முதல் மனுவின்போது ஒரு பகுதி, இறுதி ஆணை நாளில் நீதிமன்றத்திலேயே வரைவோலையாக மீதி என்று பிரித்து எழுதும் வழக்கம் நல்லது. வீடோ மனையோ தருவதாகச் சொன்னால், பத்திரப் பதிவு ஆணைக்கு முன்பே முடிய வேண்டும்.

சட்ட உதவி கிடைக்காது என்ற எண்ணமும் ஒரு நெருக்கடியே. குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, வழக்குரைஞரை வைத்துக்கொள்வதை உரிமையாக வழங்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும் நீதிமன்றம் அனுமதிக்கலாம், சட்ட அறிஞர் ஒருவரைத் தன் உதவிக்கு நியமிக்கவும் செய்யலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வருமான வரம்பு ஏதுமின்றி எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இருவருக்கும் ஒரே வழக்குரைஞர் பத்திரம் தயாரித்தால் செலவு குறையும் என்று சொல்லப்படுவதுண்டு. பணத்தைக் கொடுப்பவர் அமர்த்திய வழக்குரைஞர், பெறுபவருக்கு எப்படி அறிவுரை சொல்வார்?

நாட்டிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில்தான் தொடங்கப்பட்டது. அந்தப் பெருமையை உடைய மாநிலத்தில் ஒரு மாற்றத்தை எளிதாகத் தொடங்கலாம். ஒருவர் ஜீவனாம்சத்தைக் கைவிடும் கூட்டு மனு எதுவாயினும், இரு தரப்பின் சொத்து விவரப் பத்திரமும் இணைக்கப்பட்டிருந்தால்தான் அது எண்ணிடப்படும் என்று ஒரு விதி செய்யலாம். இறுதி நாளில் நீதிபதி கேட்கும் கேள்வியும் மாறலாம். 'சுயவிருப்பத்துடன்தான் சம்மதித்தீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்பதைத் தவிர வேறு விடையை, நீதிமன்ற வாசலில் உறவினர்கள் காத்திருக்கும் ஒரு பெண்ணால் சொல்ல இயலாது. அவரைத் தனியே தம் அறைக்கு அழைத்து, 'கணவரின் சம்பளம் எவ்வளவு என்று தெரியுமா? உங்கள் நகை உங்களிடம் இருக்கிறதா? அடுத்த மாதம் எங்கே தங்கப்போகிறீர்கள்?' என்று கேட்டுப் பார்க்கட்டும். மூன்றுக்கும் விடை கிடைக்காத வழக்கில் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை.